கீல் தளர்ந்தால் போனையே மாற்றுவதா?

1996-ல் மோட்டரோலாவின் ஸ்டார்டாக் போன் வந்தது. எடை 88 கிராம், சிப்பி போல மூடித் திறக்கும் உடல். 2004-ல் வந்த ரேசர் வி3, 13 கோடி போன்களுக்கு மேல் விற்றது. பேசி முடித்ததும் 'டப்' என்று மூடிய அந்தச் சத்தம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்தது கீல். இத்தகைய போன்களின் கீலில், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத உருளை ஒன்று இருக்கும். உள்ளே மேடும் பள்ளமுமாக இரண்டு துண்டுகள். அவற்றை ஒரு சுருள் ஸ்பிரிங் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டே இருக்கும். மூடியைத் தூக்கினால் ஒரு துண்டு மற்றதன் மேட்டில் ஏறுகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, விரலில் எதிர்ப்புத் தெரிகிறது. உச்சியைத் தாண்டிவிட்டால் போதும், அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து மூடியைத் தானே கொண்டுபோய் நிறுத்திவிடும். மின்சாரமே வேண்டாம்.

இவ்வளவு நேர்த்தியான உறுப்பைக் கடையில் எளிதில் தனியாக வாங்க முடிவதில்லை என்பதுதான் வருத்தம். குடைக் கம்பி ஒடிந்தால் தெருவோரத்தில் மாற்றிக்கொள்ளலாம். இன்றைய மடிப்பு போனில் கீல் தளர்ந்தால், பல நேரம் விலையுயர்ந்த திரையோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. இது நியாயமே அல்ல.

பிரான்ஸில் 2021 ஜனவரியில் கைப்பேசிகளுக்குப் பழுதுநீக்க மதிப்பெண் கட்டாயமானது. உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதையெல்லாம் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று போட்டார்கள். இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்தது. மடிப்பு போன் விற்பவர்கள் கீலைத் தனி உதிரிபாகமாக, விலையை வெளிப்படையாக அறிவித்து விற்க வேண்டும் என்பதை அரசு விதியாகவே கொண்டுவர வேண்டும்.