ஆபத்தான மரம் என்றால் என்ன மரம்?

மாரி நெருங்கினால் அம்பாறைக் கரையோரத்தில் மெஷின் வாளின் இரைச்சலும் கூடவே வந்துவிடும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீதியோரம் நிற்கும் வாகைக்கும் வேம்புக்கும் கோப்பில் ஒரே பெயர்தான்: ‘ஆபத்தான மரம்’. பட்டதா, உளுத்ததா, உக்கியதா, கோறை விழுந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் வெட்டுவதற்கு நியாயம் காட்ட வேண்டி வருமே.

இந்த நான்கும் நான்கு சங்கதிகள். பட்ட மரத்தில் உயிரில்லை. ஆனாலும் வயிரம் பாய்ந்திருந்தால் சில காலம் நிமிர்ந்தே நிற்கும். உளுப்பு வண்டின் வேலை. உக்கல் காளானின் வேலை. அதிலும் இரண்டு வகை உண்டு. கபில உக்கல் செல்லுலோசைத் தின்றுவிட்டு லிக்னினை மிச்சம் வைக்கும். மரம் சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசித்தால் மாவாகும். வெள்ளை உக்கல் லிக்னினையும் கரைப்பதால் மரம் பஞ்சும் நாருமாகும். வாகை, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்களில் வெள்ளையே அதிகம். கதவு நிலைக்கு மரம் தெரியும் ஓடாவி இவற்றைத் தட்டிப் பார்த்தே பிரித்துச் சொல்வார். கோப்பு எழுதுகிறவருக்குத்தான் எல்லாம் ஒன்று.

அதிகம் பழி சுமப்பது கோறைதான். ஜேர்மனியப் பௌதிகவியலாளர் கிளோஸ் மத்தெக், முறிந்த மரங்களையும் முறியாமல் நின்றவற்றையும் அளந்து 1990களில் ஒரு கணக்குச் சொன்னார்: கோறையைச் சுற்றியுள்ள நல்ல மரச்சுவர், அடிமர ஆரையின் 30 வீதத்துக்குக் குறையும்போதுதான் முறிவு அபாயம் ஏறுகிறது. 60 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வேம்புக்கு 9 சென்ரிமீற்றர் சுவர் போதும். உள்ளே 42 சென்ரிமீற்றர் வெறுமை! மரத்தில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. ஆனால் வளைவைத் தாங்கும் வலுவில் குறைவது காற்பங்கு மட்டுமே. சைக்கிள் சட்டகத்தைக் குழாயில் செய்வதும் இதே கணக்கை நம்பித்தான். கோறையைக் கண்டதும் வாளைத் தூக்குகிறவர் முதலில் தன் சைக்கிளைக் குப்பையில் போடட்டும்.

வேர் உக்கினால் இந்தக் கணக்கு செல்லாது, கோறையின் வாய் அகலமாகத் திறந்திருந்தாலும் செல்லாது என்பார்கள். சரி, அதையாவது அப்படியே எழுதுங்கள்! ‘வேர் உக்கல்’ என்று எழுத எத்தனை துளி மை போகும்? இன்னும் சிலர், 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து 5 பேர் இறந்ததைக் காட்டி வாயடைப்பார்கள். அந்தச் சாவுகள் கேட்பது பரிசோதனையை. கண்ணில் பட்டதையெல்லாம் சாய்க்கச் சொல்லி அவை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

உண்மையில் உக்கலுக்கு வாசல் திறப்பதே இந்த வாள்தான். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது என்று அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ 1977இலேயே விளக்கிவிட்டார். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்திலுள்ள கழுத்தை வெட்டாமல் விட்டு நறுக்கினால் அந்த அடைப்பு நடக்கும். மின்கம்பிக்காக நடுக்கிளையில் குட்டையாக நறுக்கிவிட்டால் அந்தக் குற்றியில் மழைநீர் ஊறும், காளான் இறங்கும், சில வருடங்களில் அதே மரம் ‘ஆபத்தான’ பட்டியலில் ஏறும். நம் வீதிகளில் உக்கிய மரங்கள் பல இப்படி உண்டாக்கப்பட்டவையே.

பரிசோதிக்க ஆளில்லை, கருவியில்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. சுத்தியலும் மெல்லிய துளைகருவியும் கடையில் கிடைக்கின்றன. எந்த உக்கல், எந்த இடத்தில், சுவர் எத்தனை சென்ரிமீற்றர் என்ற மூன்று கட்டங்களும் நிரம்பாத படிவத்தில் கையொப்பமிடும் அதிகாரியிடம் மரம் வெட்டும் அதிகாரத்தையே விட்டுவைக்கக் கூடாது.