சுவராய் நின்றவர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தேந்தி ஓடுபவனுக்கே ஆரவாரம். அவனுக்காக எதிரிகளை மறித்துச் சுவராய் நிற்கும் ஐவரை யார் நினைக்கிறார்கள்?

அந்த ஐவரில் நடுவே நின்றவர் மைக் வெப்ஸ்டர். குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குக் கொடுத்த கணமே எதிராளியோடு தலையும் தோளும் மோத வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஐம்பது அறுபது முறை! 1974 முதல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் 15 ஆண்டுகள், கான்சாஸ் சிட்டியில் 2, ஆக 17 ஆண்டுகள் இப்படி மோதினார். நான்கு சூப்பர் பவுல் வெற்றிகளில் அவருக்குப் பங்குண்டு.

ஓய்வுக்குப்பின் நினைவு தடுமாறியது. தம் வண்டியிலேயே உறங்கிய இரவுகளும் உண்டு. 1997-ல் புகழ் மண்டபத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலையா சோறு போடும்? 2002-ல், ஐம்பதாம் வயதில், மாண்டார். டாக்டர் பென்னட் ஒமாலு அவர் மூளையை ஆராய்ந்து, அடிமேல் அடிபட்டு வந்த சிதைவைக் கண்டார்.

“ஆபத்தை அறிந்துதானே ஆடவந்தார்?” என்பர் சிலர். எலும்பு முறியுமென்று அறிந்திருப்பார். மூளை சிதையுமென்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆட்டத்தால் பொருளீட்டியவர்களே அவரைக் காத்திருக்க வேண்டுமென்பது என் கட்சி. ஓய்வூதியக் குழுவோ, ஊனம் ஆட்டத்தை விட்டபிறகே வந்ததென்று கூறி உதவித்தொகையைக் குறைத்தது. வழக்கில் அக்குழு மேல்முறையீட்டிலும் தோற்றது 2006-ல். அவர் இறந்து நான்காண்டு கழித்து.