ஐம்பத்தேழு வராத ஆய்வகம்

நாயுடுபேட்டையிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் தெற்கே போனால் சூலூர்பேட்டை. அங்கிருந்து கிழக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் நாயுடுபேட்டை மொட்டை மாடியிலிருந்தே புகைக்கோட்டைப் பார்த்துவிடலாம். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 138 டன் திட எரிபொருள்: அலுமினியத் தூள், அம்மோனியம் பெர்குளோரேட், இரண்டையும் பிடித்து வைக்கும் ரப்பர் போன்ற பிசின். இது எரிந்தால் கிராமுக்கு எவ்வளவு வெப்பம் வரும் என்று தெரியாமல் யாரும் ராக்கெட் கட்ட முடியாது.

இத்தகைய பொருட்களின் வெப்பத்தை அளப்பது பாம்ப் கலோரிமீட்டர். பெயரில்தான் குண்டு. தடித்த எஃகுப் பாத்திரத்துக்குள் பொருளை எரித்து, சுற்றியிருக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு முன் அதே கருவியில் பென்சாயிக் அமிலத்தை எரிப்பது வழக்கம். அது கிராமுக்கு 26.4 கிலோ ஜூல் தரும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே கருவி தன் பங்குக்கு எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்பது பிடிபட்டுவிடும்.

கல்லூரி ஆய்வகத்தில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு. கலந்தால் கிட்டத்தட்ட 6.8 டிகிரி ஏற வேண்டும். நடுநிலையாக்கல் வெப்பம் மோலுக்கு 57 கிலோ ஜூல் என்கிறது புத்தகம். மாணவரின் தெர்மாமீட்டர் 5.7 டிகிரிதான் காட்டுகிறது. கணக்குப் போட்டால் 48. பிறகு நடப்பது ஊரறிந்த ரகசியம்: ரெக்கார்டு நோட்டில் 56.8 என்று ஏறிவிடும். (நானும் ஏற்றியவன்தான்.)

உண்மையில் அந்த 48 மீது குற்றமே இல்லை. நூறு கிராம் கண்ணாடி பீக்கர் சுமார் 20 மி.லி. தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு! வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் அதே பீக்கரில் முன்கூட்டியே கலந்து பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பத்து நிமிட வேலை. பல இடங்களில் செய்வதில்லை. ஒரு டிகிரிக் கோடு போட்ட தெர்மாமீட்டர் இன்னொரு வில்லன். அரை டிகிரி தவறாகப் படித்தால் விடையில் 4 கிலோ ஜூல் போச்சு.

கண்ணாடியைக் கைவிடுவது சுலப வழி. டி.வி. பெட்டியில் வரும் தெர்மாகோலைக் குடைந்து, மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரைப் பதித்து, அட்டை மூடி போட்டால் போதும். கலந்தபின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போட வேண்டும். கோட்டைப் பின்னோக்கி, கலந்த நொடி வரை நீட்டினால், ஆறிப்போன வெப்பமும் கணக்கில் வந்துவிடும்.