சர்தார் 2: உயரத்திலிருந்து விழுபவர் யார்?

நீலகிரிக்கு மலையேறி வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்க இந்த மாவட்டத்தில் தடை. பதிலுக்குச் சாலையோரங்களில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். நாணயம் போட்டால் தண்ணீர் வரும். இத்தலாரில் கேரட் கழுவவும் தேயிலைக்கு நடுவே குடியிருக்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது தினசரிப் பேச்சு. அதனால் 2022 தீபாவளிக்கு வெளியான 'சர்தார்' எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு அந்நியமான கதை அல்ல.

பி.எஸ். மித்ரன் இயக்கிய அந்தப் படத்தில் கார்த்திக்கு இரண்டு வேடம். அப்பா, நாடகக் கலைஞராக இருந்து உளவாளியானவர். தேசத்துரோகி என்று பழிசுமத்தப்பட்டு, வங்கதேசச் சிறையில் காலம் கழிக்கிறார். மகன், விளம்பரப் பிரியரான காவல் ஆய்வாளர். நாடு முழுக்கத் தண்ணீரை ஒரே குழாயில் கொண்டுவந்து தனியார் கையில் கொடுக்கும் திட்டத்தை இருவரும் முறியடிக்கிறார்கள். பாட்டில் தண்ணீர் குழந்தைகளின் உடம்பை என்ன செய்கிறது என்பதையும் படம் பேசியது. வணிகப் படத்துக்குள் தண்ணீர் தனியார்மயத்தை இவ்வளவு நேரடியாக வைத்ததற்காக அதை அப்போது பாராட்டினோம். இப்போதும் அதில் மாற்றமில்லை.

ஆனால் உளவாளி படத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. எதிரிக்கு வெளியே எங்கோ ஒரு வேர் இருந்தாக வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்தோ, பன்னாட்டுப் பணத்திலிருந்தோ, டெல்லியில் விலைபோன அதிகாரியிடமிருந்தோ ஆபத்து வரவேண்டும். படம் வெளியாகி இரண்டே மாதத்தில், 2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. எந்த அயல்நாட்டு நிறுவனமும் அங்கே வரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே ஊர் தலித் இளைஞர்கள் மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. இந்தத் தண்ணீர்க் கதையை எந்த உளவாளியை வைத்தும் எடுக்க முடியாது. 1927இல் மகாத் குளத்தில் இறங்கியவர்கள் கேட்டதும் தனியார்மயம் பற்றிய கேள்வி அல்ல. பொதுத் தண்ணீர் பொதுவாக இருக்கிறதா என்ற கேள்வி அது.

இவ்வளவும் முதல் பாகத்தின் கதையைப் பற்றிய விமர்சனம். இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச வேண்டியது கதை அல்ல.

2024 ஜூலையில் 'சர்தார் 2' பூஜை போடப்பட்டது. முதல் பாகத்தின் முடிவில் மகனையும் உளவு வேலைக்கு இழுத்து, கம்போடியாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி முடித்திருந்தார்கள். கதை அங்கிருந்து தொடர்கிறது. எஸ்.ஜே. சூர்யா வில்லன். செலவும் பெரிது, சண்டைக் காட்சிகளும் பெரிது. படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களுக்குள், சென்னை சாலிகிராமத்தில் ஸ்டுடியோவுக்குள் போட்டிருந்த அரங்கில், சண்டைக் கலைஞர் ஒருவர் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. இரங்கல் செய்திகள் வந்தன, படப்பிடிப்பு தொடர்ந்தது. 2025 மார்ச் 31 அன்று வெளியான முன்னோட்டத்தை இணையத்தில் எல்லோரும் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். அந்த இறப்பு அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது ஒரு படத்தின் துரதிர்ஷ்டம் என்றால் இதோடு விட்டுவிடலாம். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' அரங்கில் கிரேன் சரிந்து 3 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் வண்டலூர் பக்கம் வெற்றிமாறனின் 'விடுதலை' படப்பிடிப்பில் கயிறு அறுந்து ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். 2025 ஜூலை 13 அன்று, நாகப்பட்டினம் மாவட்டத்தில், பா. ரஞ்சித்தின் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் காரைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் இன்னொருவர். இயக்குநர் உள்ளிட்ட 4 பேர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. திட்டமிடலும் முன்னெச்சரிக்கையும் இருந்தன, எதிர்பாராமல் நடந்துவிட்டது என்ற பொருளில் படக்குழுவின் அறிக்கை வந்தது.

கடைசி இரண்டு பெயர்களை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. காவல்நிலையச் சித்திரவதையைத் திரையில் காட்டிய படம் ஒன்று. தமிழ் சினிமாவில் சாதி பற்றிய பேச்சையே திருப்பிப்போட்ட இயக்குநரின் படம் இன்னொன்று. நம் மீது ஏற்கெனவே பாயக் காத்திருப்பவர்களுக்கு இது வசதியாகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். 'வேட்டுவம்' சம்பவம் நடந்த வாரத்தில், அதுவரை எந்தத் தொழிலாளியைப் பற்றியும் கவலைப்படாத பல சாதிவெறிக் கணக்குகள் திடீரென்று தொழிலாளர் பாதுகாப்பு பேசியதைப் பார்த்தோம். அவர்களுடைய கெட்ட எண்ணம் உண்மை. இறந்தவரின் குடும்பம் அதைவிடப் பெரிய உண்மை. ஒரு சட்டகத்தில் சுவரில் மாட்டியிருக்கும் படம் எது, நாயகன் கட்டியிருக்கும் துணி என்ன நிறம் என்று குறியீடு குறியீடாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு, அந்தச் சட்டகத்துக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார், அவருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

"அவர் விரும்பித்தானே செய்தார், அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினாரே" என்பார்கள். இந்த வாக்கியம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. மலக்குழியில் இறங்கி ஒருவர் இறக்கும்போதெல்லாம் ஒப்பந்ததாரர் சொல்வது இதுதான். சாதி கட்டாயப்படுத்தி இறக்கும் மலக்குழியும் சினிமா சண்டையும் ஒன்றல்ல. சண்டைக் கலைஞர் தன் தொழிலை நேசிப்பவர். வடசென்னைக் குத்துச்சண்டைக் கூடத்திலோ சிலம்பப் பள்ளியிலோ கற்ற வித்தையைப் பெருமையோடு செய்பவர். இறந்தவர்கள் என்ன சாதி என்று நான் தேடவும் இல்லை. ஆனால் "விரும்பித்தான் இறங்கினார்" என்ற பதிலை உடைத்த அனுபவம் நம் இயக்கங்களுக்குத்தான் இருக்கிறது. பல ஆண்டு போராட்டத்துக்குப் பின் 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மலக்குழி மரணத்துக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மரணங்கள் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் இறங்கியவரின் விருப்பத்தைக் காரணம் காட்டி இறக்கியவர் தப்பிக்க முடியாது என்ற நிலை சட்டத்தில் ஏறிவிட்டது.

சினிமாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. திரைத் தொழிலாளருக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1981லேயே ஒன்றியச் சட்டம் சொன்னது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த ஒப்பந்தத்தில் ஊதியத்தோடு பாதுகாப்பு, வேலை நேரம், நலவசதி ஆகியவையும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒருவர் இறந்த பிறகு பேச்சு எதைப் பற்றி நடக்கிறது என்று கவனியுங்கள். எந்த நடிகர் எத்தனை லட்சம் கொடுத்தார் என்பதைப் பற்றி. 'வேட்டுவம்' மரணத்துக்குப் பின் இந்தி நடிகர் அக்ஷய் குமார் சண்டைக் கலைஞர்கள் சுமார் 650 பேருக்குக் காப்பீடு செய்துகொடுத்ததாகச் செய்தி வந்தது. நல்ல மனது, மறுப்பதற்கில்லை. ஒரு தொழிலாளியின் உயிருக்கான உத்தரவாதம் நடிகர் ஒருவரின் நல்ல மனதைப் பொறுத்திருப்பது என்ன ஏற்பாடு? பெரியவர் பார்த்துக் கொடுப்பார், சின்னவர் கைநீட்டி வாங்க வேண்டும் என்பது எந்தச் சமூகத்தின் பழக்கம் என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

'சர்தார் 2' விபத்துக்கு ஐந்து மாதம் முன்பு, 2024 பிப்ரவரி 7 அன்று, இங்கே ஊட்டி லவ்டேல் பக்கம் கட்டட வேலையில் மண் சரிந்து, சுவர் விழுந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதிலும் இரங்கல், நிவாரணத் தொகை, கைது என்று வரிசையாக நடந்தது. சரிவில் மண் வெட்டும் வேலையைத் தொடங்கும் முன் அது பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் அந்த வாரத்தோடு அமுங்கிப்போனது. சினிமா அரங்கிலும் இதே ஓட்டை. காட்சி பிரமாதமாக வரவேண்டும் என்று அவசரப்படும் இயக்குநரோ, நாள் கணக்கில் வாடகை எண்ணும் தயாரிப்பாளரோ, இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய சண்டைப் பயிற்சியாளரோ "இன்று வேண்டாம், கயிறு சரியில்லை" என்று சொல்வது கடினம். இவர்கள் யாரிடமும் சம்பளம் வாங்காத ஒருவருக்கு, எடுப்பதை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். ஆம்புலன்ஸும் மருத்துவரும் வாசலில் நிற்காமல் கேமரா ஓடக்கூடாது. காப்பீட்டுத் தொகை படத்தின் பட்ஜெட்டில், நாயகனின் சம்பளத்துக்கு முந்தைய வரியில் எழுதப்பட வேண்டும்.

இதைப் பெப்சியிடமும் தயாரிப்பாளர் சங்கத்திடமும் தமிழ்நாடு அரசிடமும் கேட்க வேண்டும். அதற்கு முன் நம் தோழர்கள் நடத்தும் தயாரிப்பு நிறுவனங்களிடம் கேட்கலாம். அடுத்த படத்தின் முதல் சுவரொட்டி வரும் நாளில், அந்தப் படத்தின் சண்டைக் கலைஞர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் பாதுகாப்பு விதிகளையும் அவர்களே பொதுவில் வைக்கட்டும். சுவரொட்டியைப் பகிர்வதைப் போலவே அதையும் பகிர்வோம்.