சாவி யார் கையில்?

ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? இந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மும்பைத் தமிழர் யாரும் இருக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையில் குடிதண்ணீர்த் தகராறாக இருக்கட்டும், கோயில் கொடையில் யாரை எங்கே நிறுத்துவது என்ற வழக்காக இருக்கட்டும், தாராவியிலிருந்து போன நம் ஆள் வாய் திறந்தால் போதும், "நீ பம்பாய்க்காரன், உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கிவிடுகிறார்கள். இங்கேயோ, 1960-களின் கடைசியில் தென்னிந்தியரை விரட்டு என்று எழுந்த கூச்சலை நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. அங்கேயும் பேசக்கூடாது, இங்கேயும் பேசக்கூடாது என்றால், பிழைக்கப் போனவன் ஊமையாகத்தான் காலந்தள்ள வேண்டுமா?

தோழர்களே, தாய்மார்களே, இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. மனால் அல் ஷரீப் என்ற சவூதி அரேபியப் பெண்ணை நோக்கியும் இதே கேள்வியை வீசினார்கள். அவர் கதையில் நமக்குப் பாடமும் இருக்கிறது, பங்கும் இருக்கிறது.

1979-ல் மெக்காவில் பிறந்தவர் அவர். கம்ப்யூட்டர் படித்து, அராம்கோ எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். 2011 மே மாதம் அல் கோபர் நகரத் தெருக்களில் கார் ஓட்டினார். உடனிருந்த இன்னொரு பெண் அதைப் படம் பிடித்தார். யூட்யூபில் உலகமே அதைப் பார்த்தது. அவர் குடித்துவிட்டு ஓட்டவில்லை, யார் மீதும் மோதவில்லை. பெண் ஓட்டினாள் என்பது ஒன்றே குற்றம். ஒன்பது நாள் சிறையில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு வேலையை விட்டு துபாய்க்குப் போனார். பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 2017-ல் தன் கதையை நூலாக எழுதினார். ஊரை விட்டுப் போயும் அவர் வாய் ஓயவில்லை. கார் என்பது வெறும் தொடக்கம், பெண் எதற்கும் ஓர் ஆணிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற காவலர் முறைதான் வேர் என்று மேடைக்கு மேடை சொன்னார்.

"வெளிநாட்டில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு சொந்த நாட்டைத் தூற்றுகிறாள்" என்று அவரை ஏசினார்கள். அந்தச் சொகுசின் விலை என்ன தெரியுமா? விவாகரத்தான கணவரிடம் மூத்த மகன் சவூதியிலேயே இருந்தான். பெற்ற பிள்ளையைத் தன்னோடு அழைத்துப் போகத் தாய்க்கு உரிமை கிடையாது. அவனைப் பார்க்க வேண்டுமானால் இவர்தான் விமானம் ஏற வேண்டும். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மில்லுக்கும் தோல் பட்டறைக்கும் வேலைக்கு வந்த தாய்மார்கள் நம்மிடையே உண்டு. இந்த வேதனையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே இருந்து பேசினால் சிறை, வெளியே இருந்து பேசினால் துரோகி. அப்படியானால் எங்கே நின்று பேசினால் சம்மதம்? எங்கேயும் பேசாதே என்பதுதான் அதன் பொருள். நாம் பார்க்க வேண்டியது பேசுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையா, சொல்வது மெய்யா என்பதையா?

மெய்தானா என்று பார்ப்போம். பெண்கள் கார் ஓட்டக்கூடாது என்று தனியாக எழுதிய போக்குவரத்துச் சட்டம் அங்கே இருக்கவில்லை. லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். 1990 நவம்பர் 6-ஆம் தேதி ரியாத் நகரில் 47 பெண்கள் வரிசையாகக் கார்களில் கிளம்பினார்கள். குவைத் போருக்காக அமெரிக்கப் படை வந்திறங்கியிருந்த நேரம் அது. அந்நிய நாட்டுப் பெண் சிப்பாய் அங்கே வண்டி ஓட்டுகிறாள், சொந்த நாட்டுப் பேராசிரியை ஓட்டக்கூடாது! அந்த 47 பேரையும் பிடித்து விசாரித்தார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். அரசாங்க வேலையில் இருந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் உள்துறை அமைச்சகம் வெளிப்படையாகத் தடை போட்டது. 2013-ல் ஒரு மதகுரு, கார் ஓட்டினால் பெண்ணின் கருப்பைப் பக்கம் கெட்டுவிடும் என்று வைத்தியமே சொன்னார். நாள் முழுக்கப் பாத்திரமும் தண்ணீர்க் குடமும் தூக்கினால் கெடாத உடம்பு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கெட்டுவிடுமாம்!

இதை இஸ்லாத்தின் மீது ஏற்றிச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் எத்தனையோ முஸ்லிம் நாடுகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் பெண்கள் கார் ஓட்டினார்கள். சவூதி ஒன்றில்தான் இந்தத் தடை இருந்தது. ஆகவே இது வேதத்தின் கட்டளை அல்ல, அதிகாரத்தின் கட்டளை. நம் பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரியைக் குத்திக்காட்ட இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கதையில் நம் பங்கு என்ன என்று கேட்கலாம். பெண் ஓட்டக்கூடாது என்றால் யாராவது ஓட்டியாக வேண்டுமே! அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் நம் தம்பி. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டு ஏழைகள், 2017 வாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், சவூதி வீடுகளில் டிரைவர் வேலை பார்த்தார்கள். ஹவுஸ் டிரைவர் விசாவுக்காக நகையை அடகு வைத்து, மும்பை ஏஜெண்டிடம் பணம் கட்டிக் காத்துக் கிடந்த குடும்பங்கள் நம் லேபர் கேம்ப்பிலும் கோலிவாடாவிலும் உண்டு.

அதனால்தான் 2017 செப்டம்பர் 26-ல் தடையை நீக்கும் அரச ஆணை வெளியானபோதும், 2018 ஜூன் 24-ல் அது நடைமுறைக்கு வந்தபோதும், நம்மில் சிலர் முணுமுணுத்தார்கள். "அந்தப் பெண்கள் வண்டி ஓட்டினால் நம் பையன் பிழைப்பு என்ன ஆகும்?" இது வயிற்றிலிருந்து வந்த கேள்வி. இதைக் கேட்டவர்களைப் பிற்போக்கு என்று ஒதுக்கினால், நாம் சங்கம் நடத்துவதில் அர்த்தமில்லை. பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதல் பதில்: ஒருத்தியைப் பூட்டி வைத்ததால் கிடைத்த வேலை, என்றைக்கும் நிலைத்த வேலை அல்ல. பூட்டுப் போட்டவனே நாளைக்குத் தன் வசதிக்காகத் திறந்துவிடுவான். எண்ணெய் விலை 2014-க்குப் பிறகு சரிந்ததும், சவூதி அரசாங்கம் பெண்களையும் வேலைக்கு இழுத்துப் பொருளாதாரத்தைத் திருப்பத் திட்டம் போட்டது. தடை நீங்கியதில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு. திறக்கிறபோது நம் தம்பியைக் கேட்டா திறந்தார்கள்?

இரண்டாவது பதில்தான் முக்கியமானது. பின் இருக்கையில் உட்கார்ந்த அம்மாளுக்கும், முன் இருக்கையில் ஓட்டிய நம் தம்பிக்கும் பூட்டு ஒன்றே. அந்தப் பெண் வெளிநாடு போகத் தகப்பன், கணவன், சில வேளை தான் பெற்ற மகனே கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிலை இருந்தது. நம் தம்பி ஊருக்கு வரக் கஃபீல் எக்ஸிட் கொடுக்க வேண்டும். அவள் பாஸ்போர்ட் வீட்டுக்காரன் பெட்டியில், இவன் பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில். 2019 ஆகஸ்டில் வந்த ஆணைகளால் 21 வயதுக்கு மேற்பட்ட சவூதிப் பெண்கள் தாங்களே பாஸ்போர்ட் எடுக்கலாம் என்றானது. 2021 மார்ச்சில், முதலாளி சம்மதம் இல்லாமலே வேலை மாறவும் நாடு திரும்பவும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வழி விடும் சீர்திருத்தம் வந்தது. ஆனால் வீட்டு வேலைக்காரர்களையும் வீட்டு டிரைவர்களையும் அதில் சேர்க்கவில்லை. கம்பெனித் தொழிலாளிக்குத் திறந்த கதவு, நம் தம்பி முகத்தில் மூடியது.

சவூதிப் பெண்கள் இயக்கத்தோடு நமக்கு ஒரு மாறுபாடும் உண்டு. டிரைவருக்குச் சம்பளம் கொடுத்தே எங்கள் வருமானம் கரைகிறது, அந்நிய ஆணோடு தனியே போக வைக்கிறீர்களே என்று அவர்கள் வாதாடினார்கள். நியாயமான வாதந்தான். ஆனால் அந்தச் சம்பளக்காரனும் நள்ளிரவில் மணி அடித்தால் எழுந்து ஓடியவன், மகள் முகத்தை வருஷக்கணக்கில் பார்க்காதவன். சுதந்திரம் பேசுகிறவர்கள் தங்களுக்கு வேலை செய்கிறவனின் சுதந்திரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அது பாதிச் சுதந்திரந்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடை நீங்க ஒரு மாதம் இருந்தபோது, 2018 மே மாதத்தில், அதற்காகப் போராடிய பெண்களையே கைது செய்தார்கள். அவர்களில் லூஜெய்ன் அல் ஹத்லூல் முக்கியமானவர். 2014-ல் துபாய்ப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் கார் ஓட்டி வர முயன்று 73 நாள் சிறையில் இருந்தவர். 2020 டிசம்பரில் அவருக்கு 5 வருஷம் 8 மாதத் தண்டனை விதித்தார்கள். ஒரு பகுதியை நிறுத்தி வைத்து 2021 பிப்ரவரியில் வெளியே விட்டபோதும் வெளிநாடு செல்லத் தடை போட்டார்கள். உரிமையைக் கொடுத்துவிட்டு, கேட்டவளை ஏன் பிடிக்க வேண்டும்? கேட்டதால் கிடைத்தது என்று ஜனங்கள் நினைக்கக்கூடாது, மன்னர் மனமிரங்கிக் கொடுத்தார் என்றே நினைக்க வேண்டும். போனஸை முதலாளியின் தீபாவளி இனாம் என்று சொல்லிக் கொடுத்த காலத்தைக் கண்ட நமக்கு இந்தத் தந்திரம் புரியாதா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரபு நாட்டைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். கல்யாணில் 1986-ல் பயிற்சிக்குச் சேர்ந்து இந்திய ரயில்வேயின் முதல் பெண் எஞ்சின் டிரைவரான சுரேகா யாதவ், 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் ரயிலை ஓட்டி வந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே தமிழ்நாட்டு அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நம் ஜில்லாக்களுக்குப் பக்கத்து ஜில்லா அது. இவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். நம் வீட்டில் ஸ்கூட்டர் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது? மகள் கேட்டால் "எங்கே, எதற்கு, யாரோடு?" மகன் கேட்டால் "பெட்ரோல் இருக்கிறதா பார்." அவள் சம்பளம் யார் கைக்குப் போகிறது? அவள் போனை யார் திறந்து பார்க்கிறார்கள்? வேறு ஜாதிப் பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கிறது? சவூதியில் காவலர் முறை சட்டத்தில் இருந்தது. நம்மிடம் அது வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.

"காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்புக்காகத்தான்" என்பார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற பேரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம் அரசாங்கமே வெகுகாலமாக ஒரு விதி வைத்திருக்கிறது. பத்தாவது தேறாத பெண், 30 வயது ஆகாமல் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. ஆணுக்கு அந்த வரம்பு இல்லை. ஏமாற்றப்படுவாள் என்ற அச்சத்தில் எழுந்த விதி. ஆனால் பசி 30 வயது வரை காத்திருக்குமா? நேர்வழியை அடைத்தால் குறுக்குவழி ஏஜெண்டிடம்தான் போய் விழுவாள். அவளைத் தடுப்பது சுலபம், ஏமாற்றும் ஏஜெண்டைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே சுலபமானதைச் செய்கிறார்கள். நாமும் வீட்டில் அதையேதான் செய்கிறோம். தெருவில் வம்பு செய்கிறவனை விட்டுவிட்டு, பெண்ணை உள்ளே பூட்டுகிறோம்.

ஆகவே நம் கிளைகள் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம்.

ஒன்று, 18 வயதான நம் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்போம். பழகுநர் லைசென்ஸ் எடுத்து 30 நாள் கழிந்தால் நிரந்தர லைசென்ஸுக்கு மனுப் போடலாம். படிவம் நிரப்பிக் கொடுக்க ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஸ்கூட்டரோ காரோ கையில் ஒரு தொழில் இருந்தால், கைம்பெண்ணானாலும் கைவிடப்பட்டாலும் அவள் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

இரண்டு, வளைகுடாவுக்குப் போகிற தம்பிமார், ஏஜெண்டுக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பைசா கட்டக்கூடாது. ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்து. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் மனைவி கையில் இருக்க வேண்டும். வம்பு வந்தால் முதலில் அலைய வேண்டியவள் அவள்தான்.

மூன்று, வெளியே போனவர் வந்து ஊரின் குறையைச் சொன்னால், நம் கூட்டங்களில் அவரைப் பேசவிடுவோம். சொன்னது பொய்யென்றால் பொய்யென்று காட்டுவோம். "நீ போனவன்தானே" என்ற வார்த்தை மட்டும் நம் வாயிலிருந்து வரக்கூடாது. நாமெல்லாரும் போனவர்கள்தான்.