சைக்கிள் ரிம்மும் ஒரு பாடப்புத்தகம்தான்

சதுர டிரான்ஸ்பார்மரில் கம்பியைத் தனியே சுற்றிவிட்டு இரும்புத் தகடுகளைச் செருகலாம். டோராய்டு அப்படியில்லை. மூடிய இரும்பு வளையம். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி நடு ஓட்டைக்குள் புகுந்து வர வேண்டும். 20 சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள இரும்பு, 1.2 டெஸ்லா காந்தப்புலம், 50 ஹெர்ட்ஸ் என்றால் 240 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 450 சுற்று. 1831இல் ஃபாரடே தம் வளையத்தைக் கையாலேயே சுற்றினார். அவர் வாசலில் ஆம்ப்ளிபையர்காரர் காத்திருக்கவில்லை!

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, ஈப்போவில் ஆம்ப்ளிபையர் பழுதுபார்க்கும் நான், சைக்கிள் ரிம்மில் இதற்கொரு இயந்திரம் செய்திருக்கிறேன். ரிம்மை ஓரிடத்தில் அறுத்து, இரும்பு வளையத்துக்குள் நுழைத்து, திரும்பப் பூட்ட வேண்டும். முதலில் ரிம்மின் பள்ளத்தில் கம்பியை ஏற்றுவோம். பிறகு ரிம் சுழலச் சுழலக் கம்பி இறங்கி இரும்பின்மேல் படியும். அறுத்த வாயில் பிசிர் இருந்தால் எனாமல் உரிந்துவிடும். நகத்தால் தடவினாலே பிசிர் தெரியும். எண்ணிக்கைக்கு ரிம்மில் ஒரு காந்தம், அருகில் ரீட் சுவிட்ச், அதிலிருந்து பழைய கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானுக்கு இரண்டு ஒயர்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் நம் பிள்ளைகளுக்கு இதைச் செய்யக் கொடுக்க வேண்டும். ரெடிமேட் பயிற்சிப் பெட்டியில் ஒயர் செருகிப் பழகியவனுக்கு இழுவிசையும் தெரியாது, அரமும் பிடிக்க வராது. ‘கடையில் மலிவாகவே கிடைக்கிறதே’ என்பார்கள். வழக்கமான அளவு கிடைக்கும், சரி. கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் எரிந்துபோன பழைய ஆம்ப்ளிபையருக்கு 37 வோல்ட் டோராய்டை எந்தக் கடையில் வாங்குவது?