விதி முதலில் விளங்கட்டும்!

இலங்கைத்துறையிலிருந்து மாணவர் குழுவொன்று றோபோப் போட்டிக்காகக் கொழும்பு செல்வதாகக் கொள்வோம். வெருகலாற்றங்கரையிலே தொடங்கிய பயணம் பொழுது விடியும் வேளையில் முடிகிறது. பரிசோதனை மேசையில் நடுவர் மானியை வைக்கிறார். 12.6 வோல்ற்று! “விதி 12 வோல்ற்று, நீங்கள் தகுதியற்றவர்கள்” என்கிறார். பற்றரியின் உறையிலோ 11.1 வோல்ற்று என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. குற்றவாளி யார்? மாணவனா, பற்றரியா, விதியா?

விதியே குற்றவாளி என்பது எமது தீர்ப்பு. எந்தவொரு போட்டியையும் சுட்டிக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. இலிதியம் அயன் கலமொன்றின் பெயரளவு வோல்ற்றளவு பொதுவாக 3.7, முழுதாக மின்னேற்றினால் 4.2. மூன்று கலங்களைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 11.1, முழு மின்னேற்றத்தில் 12.6. எந்த அளவு என்று கூறாமல் “12 வோல்ற்றுக்கு மேற்படலாகாது” என்று மட்டும் விதிப்பது, மரக்கால் இன்னதென்று சொல்லாமல் நெல்லை அளக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

விதியே வேண்டாம் என்பது எமது வாதமன்று. இலிதியக் கலம் துளைபட்டாலும், குறுஞ்சுற்றானாலும், அளவுக்கு மிஞ்சி மின்னேற்றப்பட்டாலும் தீப்பற்றக்கூடும். 2010இல் டுபாயில் சரக்கு விமானமொன்று, இலிதியப் பற்றரிகள் ஏற்றப்பட்ட பகுதியில் மூண்ட தீயினால் வீழ்ந்து, அதிலிருந்த விமானிகள் இருவரும் மாண்டனர். 2016 முதல் பயணிகள் விமானங்களில் இலிதியம் அயன் பற்றரிகளைத் தனிச்சரக்காக ஏற்றுவது தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே கண்டிப்பு வேண்டும். ஆனால், தெளிவில்லாத கண்டிப்பு நீதியன்று.

அமெரிக்காவில் தோன்றிய ‘பேர்ஸ்ட் ரெக் சலெஞ்ச்’ போட்டியிலே, பிரதான பற்றரி ஒன்றே. அது 12 வோல்ற்று நிக்கல் உலோக ஐதரைட்டு வகை. ஏற்கப்படுபவை இன்னின்ன எனப் பெயர் குறித்தே கூறுவர். ஐயங்களுக்கான விடைகளும் எல்லாக் குழுக்களும் காணப் பகிரங்கமாக வெளிவரும்.

இது நமக்குப் புதிதன்று. போகம் தொடங்குமுன் கூட்டம் கூடி, நீர் திறக்கும் நாளை யாவரும் அறியத் தீர்மானிக்கும் வழக்கத்தைக் கந்தளாய் விவசாயிகள் நன்கறிவர். வாய்க்காலின் கடைக்கோடி வயற்காரனுக்கும் அந்நாள் தெரிந்திருத்தல் வேண்டும். போட்டி வாய்க்காலின் கடைக்கோடியில் நிற்பவர்கள் எமது பிள்ளைகள்.

எனவே நாம் வேண்டுவன நான்கு. ஒன்று: பற்றரியின் வகை, கலங்களின் எண்ணிக்கை, உருகியின் அளவு ஆகியவற்றுடன், வோல்ற்றளவு பெயரளவா முழு மின்னேற்ற அளவா என்பதையும் விதி கூறவேண்டும். இரண்டு: ஒருவருக்கு அளிக்கும் விளக்கம் அதே நாளில் அனைவருக்கும் கிடைக்கவேண்டும். மூன்று: விதியும் விளக்கமும் தமிழிலும் வரவேண்டும், 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது ஏட்டில் உறங்குவதற்கன்று. நான்கு: திருகோணமலைக் கடைத்தெருவில் வாங்கமுடியாத பற்றரியைக் கட்டாயமாக்கலாகாது.

எமது பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் போட்டி விதிகளை ஆசிரியர்களுடன் அமர்ந்து முன்கூட்டியே படிக்கட்டும். ஐயங்களை எழுத்தில் கேட்கட்டும். ஏற்பாட்டாளருக்கு நாம் கூறுவது இதுவே: ஆபத்தான பற்றரியை அகற்றுங்கள், உங்கள் வாசகத்தின் மயக்கத்துக்காக மாணவனை அகற்றாதீர்கள்!